நாற்பது வளைவும் ஒரு தாடைக் கேமராவும்

கோவை, கணபதி

பைக் பயணத்தைப் படமெடுக்கக் கேமரா வாங்குகிறவரிடம் எல்லோரும் கேட்பது, ‘4கே இருக்கா?’ கணபதியில் லேத் பட்டறை நடத்தும் அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. “எங்கீங்க மாட்டப் போறீங்க?” என்றார்.

பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைவது அவர் தொழில். பொள்ளாச்சி நண்பன் சொல்லித்தான் அவரிடம் போனேன். கேமராவோடு வந்த பிளாஸ்டிக் தாங்கியை எடுத்து இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஓரமாக வைத்துவிட்டார். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஹேண்டில்பாரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொன்னார். ஓரிடத்தில், “இங்கதானுங்க உதறுது” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “உங்க கைக்குப் பழகிப் போச்சு. கேமராவுக்குப் பழகாதுங்க.”

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இந்தச் சின்னக் கேமராக்களின் சென்சார் ஒரு காட்சியை மொத்தமாக ஒரே நொடியில் பதிவுசெய்வதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டால், நேரான மின்கம்பம் படத்தில் நெளியும். ரைடர்கள் இதை ‘ஜெல்லோ’ என்பார்கள். குழிமேட்டில் விழும் பெரிய குலுக்கலைக் கேமராவே சமாளித்துவிடும். இந்தப் பொடி அதிர்வு அதற்கு அடங்காது. செல்போனை ஹேண்டில்பாரில் மாட்டுவது இன்னும் மோசம். சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள்களில் ஐபோனை நேரடியாகப் பொருத்தினால், லென்ஸை நிலைநிறுத்தும் அமைப்பே கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் எச்சரித்தது.

அலுமினியத்தைக் கடைந்து, நடுவில் ரப்பர் புஷ் வைத்து, இரண்டு தாங்கிகள் செய்து தந்தார். ஒன்று என் ஹேண்டில்பாருக்கு. இன்னொன்று நண்பன் கேட்டிருந்தது: அவன் வண்டியின் பின்புறம், நம்பர் பிளேட்டுக்கு மேலே. பின்னால் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவனிடம் பழைய கேமரா ஒன்று சும்மா கிடந்தது. அதற்கொரு வேலை கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேண்டில்பார் தாங்கி அவ்வப்போது மாற்றி மாட்டத்தான்; என் கேமராவுக்கு நான் முடிவு செய்திருந்த இடம் ஹெல்மெட்டின் தாடை. உச்சியில் மாட்டினால் காற்று பிடித்துக் கழுத்தை இழுக்கும்; பார்க்கவும் டெலிடப்பி மாதிரி இருக்கும். பக்கவாட்டில் மாட்டினால் படத்தின் ஓரத்தை ஹெல்மெட்டே அடைத்துக்கொள்ளும். தாடைதான் கண்ணுக்குப் பக்கம். ஓட்டுகிறவன் பார்ப்பதையே கேமராவும் பார்க்கும் என்பது கணக்கு. மோட்டோவ்லாக் எடுப்பவர்களில் பலர் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

தூத்துக்குடிக்காரனான எனக்கு ஊரில் இந்த யோசனையே தேவைப்பட்டதில்லை. திருச்செந்தூர் சாலையில் உப்பளத்தின் நடுவே போகும் நேர்வழியில், கேமராவை எங்கே மாட்டினாலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வரும். அங்கே தொல்லை வேறு மாதிரி: பக்கவாட்டில் அறையும் கடல் காற்று, மே மாத வெயில். ரயில்வே கேட்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஓட்டக் காற்று கிடைக்காமல் கேமரா சூடேறித் தானாக அணைந்துவிடும். சாலை வளையத் தொடங்கும்போதுதான் எங்கே மாட்டுவது என்ற கேள்வி பிறக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் வழியில் கொண்டை ஊசி வளைவு மட்டும் நாற்பது.

பொள்ளாச்சி – ஆழியாறு

“இட்லி தின்னுட்டு மலையேறினா அட்டகட்டி போறதுக்குள்ள பசிக்கும், கண்ணு” என்று நண்பனின் அம்மா காலையிலேயே அரிசிம்பருப்புச் சோறு போட்டு, மேலே நெய்யை ஊற்றினார். எங்கள் பக்கத்தில் விடிந்ததும் சோறு என்றால் வயல்காட்டுப் பழையதுதான். இங்கே துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்து வெந்த சூடான சோறு. இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

நான் சாப்பிடும் நேரத்தில் நண்பன் என் ஹெல்மெட்டைப் பிரித்துப் போட்டிருந்தான். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்றை, அதன் பஞ்சு உறையோடு, கன்னத்து மெத்தைக்குள் வாயோரம் வருகிற மாதிரி செருகினான். அங்கிருந்து ஒயர் தாடைக் கேமராவுக்கு. கேமராவின் சொந்த மைக்கை நம்பினால் 60 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்றின் கூச்சல்தான் கேட்கும். ஹெல்மெட்டுக்குள், காற்று புகாத மூலையில் இருக்கும் மைக் பேச்சையும் எஞ்சினையும் தனித்தனியாக எடுத்துத் தரும்.

“படம் சுமாரா இருந்தாலும் பாப்பாங்க மாப்ள. சத்தம் நல்லா இல்லேன்னா ஒரு நிமிசம்கூட நிக்க மாட்டாங்க” என்றான். இதில் அவன் ஒரு வெறியன். 1976இல் பிரெஞ்சு இயக்குநர் கிளாத் லெலூஷ், விடியற்காலைப் பாரிஸ் தெருக்களில் ஒரு காரை அசுர வேகத்தில் ஓட்டி, முன்னால் கட்டிய கேமராவில் வெட்டே இல்லாமல் எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தார். ஓட்டியது மெர்சிடிஸ், நாம் கேட்பது பின்னால் ஒட்டிய ஃபெராரியின் உறுமல். பார்ப்பவர்கள் ஃபெராரியில் போவதாகவே நம்பினார்கள். கண்ணை ஏமாற்றுவதற்குக் காதைப் பிடித்தால் போதும் என்பதற்கு நண்பன் எப்போதும் காட்டும் சாட்சி அது.

தென்னந்தோப்புகள் முடியும் இடத்தில் ஆனைமலை எதிரே எழும்பி நிற்கிறது. நேரில் பார்க்கும்போது கழுத்தை அண்ணாந்துதான் உச்சியைப் பிடிக்க முடிகிறது. கேமராவில் அன்றிரவு பார்த்தபோது அது தோப்புக்குப் பின்னால் ஒரு மேடாகச் சுருங்கிக் கிடந்தது. அகலக் கோண லென்ஸின் குணம் அப்படி. ஓரத்தில் ஓடும் மரங்களை வேகமாக்கிக் காட்டும், தூரத்து மலையைச் சிறிதாக்கிவிடும், ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும். வண்டி முதல் கியருக்கு இறங்கித் திணறும் சாய்வுகூடப் படத்தில் சமதரை போல இருக்கும். ஏற்றம் எவ்வளவு என்பதை எஞ்சின் சத்தம்தான் சொல்லும். நண்பனின் மைக் வெறி அங்கே நியாயமானது.

ஆழியாறு அணையோரக் கடைகளில் அணை மீனை மசாலா தடவி வறுத்துத் தருகிறார்கள். கடல் மீன் தின்று வளர்ந்த நாக்குக்கு ஜிலேபி மீன் கொஞ்சம் சப்பைதான். மசாலா காப்பாற்றியது. இதைச் சொன்னதும் கடைக்கார அக்கா, “தூத்துக்குடிக்காரங்க எல்லாரும் இதயேதான் சொல்றீங்க, ஆனா தட்டுல மீதி வெக்கறதில்லீங்க” என்றார்.

ஒன்பதாவது வளைவு

ஒன்பதாவது கொண்டை ஊசியில் ‘லோம்ஸ் வியூ’ என்ற காட்சி முனை இருக்கிறது. இந்த மலைச்சாலையைப் போட்ட பொறியாளர் லோமின் பெயர். அங்கிருந்து கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். எங்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். பாறைச் சரிவிலிருந்து இரண்டு வரையாடுகள் இறங்கி வந்து, தடுப்புச் சுவரின் மேல் நின்று சாலையை வேடிக்கை பார்த்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. செங்குத்துப் பாறையில் கால் வைக்கும் அந்த லாவகத்தோடு தார்ச்சாலையைக் கடந்து போயின. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால் தாடைக் கேமரா என் பூட்ஸைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. வருத்தமில்லை, வரையாட்டை அகல லென்ஸில் எடுத்தால் புள்ளியாகத்தான் வரும்.

ஆனால், இந்த வளைவுகளில்தான் மாட்டும் இடத்தின் முழு சங்கதியும் வெளிப்படுகிறது. வளைவில் வண்டி சாயும். ஓட்டுகிறவனின் தலை சாயாது. சாலையைச் சரியாக அளக்கக் கண் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று கழுத்து தானாகவே நிமிர்த்திக்கொள்ளும். அதனால் தாடைக் கேமராவில் உலகம் நேராக நிற்கும், வண்டி அடியில் சாயும். ஹேண்டில்பார் கேமரா வண்டியோடு சேர்ந்தே சாயும். அதில் வண்டி அசையாமல் நிற்க, மலையும் வானமும் புரளும். பயந்த சுபாவக்காரர்களுக்கு இரண்டாவது படத்தைக் காட்டக் கூடாது. இப்போது வரும் கேமராக்களில் அடிவானத்தை எப்போதும் நேராகப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறது. ஹேண்டில்பாரில் அதை இயக்கினால் சாய்வு சுத்தமாகத் துடைக்கப்பட்டு, கொண்டை ஊசி வளைவு பேருந்து நிலையத்தில் வண்டி திருப்புவது போலாகிவிடும். மலைச்சாலைக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கட்சி.

தாடைக் கேமராவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வளைவில் நுழையும்போது நாம் பள்ளத்தாக்கைப் பார்ப்பதில்லை. வளைவு எங்கே முடிகிறதோ, அங்கே பார்க்கிறோம்; பார்த்தே ஆக வேண்டும், கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். எனவே நாற்பது வளைவிலும் கேமரா பதிவுசெய்வது நாற்பது தார்த் திருப்பங்கள். மலையில் முக்கால்வாசி என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அட்டகட்டி – கவர்க்கல்

அட்டகட்டியில் டீ. பின்னால் சோலைக்காடு, முன்னால் தேயிலை. குரங்குகள் பெட்ரோல் டேங்கின் மேல் வந்து உட்கார்ந்து, கேமராவின் சிவப்பு விளக்கைச் சுரண்டின.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தொழில் தகராறு. நான் லென்ஸுக்கு முன்னால் கறுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டியிருந்தேன். நல்ல வெயிலில் கேமரா தன் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் கத்தி போலத் தெளிவாக விழுவதால் ஓட்டமே தெரியாமல் படம் விட்டு விட்டுத் துடிக்கும். நொடிக்கு 30 கட்டம் எடுத்தால் ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு இருக்கட்டும், அப்போதுதான் சாலை வழிந்தோடும் என்பார்கள். அதற்காகத்தான் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர். சமவெளியில் அருமையாக வேலை செய்கிறது. இங்கேயோ வெயில், நிழல், வெயில், நிழல் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் மாறுகிறது. மரநிழலில் ஃபில்டரோடு எடுத்தால், இருட்டில் நடுங்கும் சேற்றுப்படம்தான் மிஞ்சும். கழற்றிப் பையில் போட்டேன். வெயிலில் கொஞ்சம் துடித்தால் துடிக்கட்டும்.

கவர்க்கல்லில் ஃபில்டருக்கு வேலையே இல்லை. மார்கழி பிறக்கவில்லை, ஆனாலும் மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது. ஆனைமலையில் தேயிலைத் தோட்டங்களை விரித்த கார்வர் மார்ஷின் சிலை பனிக்குள் எங்கேயோ நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்தது பீடம் மட்டும். லென்ஸில் பொடி நீர் கோத்து, எதிரே வரும் லாரியின் விளக்கு மஞ்சள் பூவாக விரிந்தது. முகக்கண்ணாடியைத் துடைப்பதா, லென்ஸைத் துடைப்பதா என்று வந்தால் முகக்கண்ணாடிதான். அந்தப் பகுதியின் படம் முழுவதும் வெள்ளை. நண்பன் எனக்குக் கத்திய எச்சரிக்கைகள் மட்டும் சுத்தமாகப் பதிவாகியிருக்கின்றன.

வால்பாறை

புதுத்தோட்டம் அருகே வண்டியை மெதுவாக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள். சாலைக்கு மேலே, மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கட்டித் தொங்குபாலம் அமைத்திருக்கிறார்கள். சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்கி அடிபடாமல் கடப்பதற்காக. ஒன்று கடந்தது. இன்னொன்று பாலத்தை மதிக்காமல் தரையிலேயே நடந்தது. இதே ஊரில் யானை நடமாட்டம் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்குகளையும், செல்போனுக்கு வரும் எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்து பல ஆண்டுகளாக நடத்துகின்றன. எங்கள் ஊரில் சிவப்பு விளக்கு எரிந்தால் துறைமுகத்தில் கப்பல்; இங்கே யானை.

தங்கிய இடத்துக்கு எதிரே பாட்டி ஒருவர் இட்லிக் கடை வைத்திருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். நான் பேசிய இரண்டாவது வார்த்தையிலேயே நிமிர்ந்து பார்த்தார்.

“தெக்கத்தி ஆளாய்யா நீ? எந்த ஊரு?”

“தூத்துக்குடி ஆச்சி.”

“எங்க ஆச்சிக்குக் கயத்தாறு பக்கம். பஞ்சத்துல வந்தவ. பொள்ளாச்சிலேர்ந்து நடத்தியே கூட்டியாந்தானுவளாம்.”

ஆனைமலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களில் திருநெல்வேலிச் சீமையினர் ஏராளம். தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அவர்களைப் பற்றியது. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ 2013இல் அதிலிருந்து வந்தது. கொங்குப் பேச்சு சுற்றிலும் சூழ்ந்திருக்க, மூன்று தலைமுறைக்குப் பிறகும் அந்தப் பாட்டியின் ‘கூட்டியாந்தானுவளாம்’ கயத்தாறிலேயே நின்றது.

பேட்டரிகளைச் சார்ஜ் போட்டுவிட்டு, எடுத்ததை அவருடைய பேரனிடம் காட்டிக்கொண்டிருந்தேன். நல்ல தரத்தில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. தின்னும், 128 ஜி.பி. கார்டு மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் தினமும் இரவில் உட்கார்ந்து வேண்டாததை அழித்தே ஆக வேண்டும். ரொட்டிக்கடை என்ற ஊருக்கு அருகே வந்த ஒரு வளைவை அழிக்கப் போனேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, “இரு, இரு. அந்த ஓரத்துல நம்ம ஆளுக நிக்காவ பாரு” என்றார்.

நிறுத்திப் பார்த்தேன். படத்தின் இடது விளிம்பில், அகல லென்ஸ் இழுத்து நீட்டிய நான்கு உருவங்கள். தலையில் கொழுந்துச் சாக்கு. நான் அவர்களைக் கடந்தது எனக்கு நினைவே இல்லை; என் கண் வளைவின் முடிவில் இருந்தது. கேமரா மட்டும் பார்த்திருக்கிறது, அதுவும் அரைகுறையாக. “மூஞ்சி தெரியலியே” என்றான் பேரன்.

நண்பன் ஒன்றும் பேசாமல் தன் பழைய கேமராவின் கார்டை எடுத்துச் செருகினான். அதே இடம், பின்புறம் பார்த்த கோணம். வண்டி கடந்துபோனதும் நால்வரும் தலையைத் திருப்பி, எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒருவர் கையை ஆட்டுகிறார். நான்கு முகங்களும் துல்லியம்.

அதன் பிறகு அந்த இரவு முழுக்கப் பின்கேமராப் படத்தையே ஓட்டிப் பார்த்தோம். சாலையோரம் நம் திசையில் நடக்கிறவர்களின் முதுகைத்தான் முன்கேமரா எடுக்கும். பின்கேமராவில் அவர்கள் முகம் வருகிறது. முன்னால் வெறும் சாலையாக இருப்பது பின்னால் ஊராக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், டீக்கடை பெஞ்சு, எல்லோரும் வண்டி போன பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் தவறவிட்ட பள்ளத்தாக்கும் அதில்தான் இருந்தது. ஒரே விலையுயர்ந்த கேமராவை வாங்கித் தாடையில் ஒட்டுவதைவிட, சாதாரணக் கேமரா இரண்டை முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டி, மிச்சப் பணத்தை மைக்கிலும் தாங்கியிலும் போடலாம் என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

மலக்கப்பாறை

சோலையாறு தாண்டி மலக்கப்பாறையில் கேரளம் தொடங்குகிறது. தேயிலை அப்படியே தொடர, டீக்கடைப் பலகை மட்டும் எழுத்து மாறுகிறது. பழம்பொரியும் கட்டன் சாயாவும். ஏத்தம்பழத்தை இப்படிப் பொரித்துத் தின்னலாம் என்று எங்கள் ஊரில் யாராவது இன்னும் கொஞ்சம் முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

வனச் சோதனைச் சாவடியில் காவலர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, என் தாடையைச் சுட்டினார். “ஹெல்மெட்டில கேமரா வேண்டா கேட்டோ. ஊரிக்கோ.” கேரள மோட்டார் வாகனத் துறை 2022லேயே ஹெல்மெட் கேமராக்களுக்கு எதிராக அறிவிப்பு விட்டிருக்கிறது. தலை தரையில் மோதும்போது வழுக்கிக்கொண்டு போக வேண்டிய ஹெல்மெட்டில், துருத்தி நிற்கும் ஒரு பொருள் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை யோசித்தால், அதில் சண்டை போட ஒன்றுமில்லை. இதற்காகவே பையில் மார்புப் பட்டையும் வைத்திருந்தேன்.

மார்பில் கட்டினால் கேமராவின் உலகம் வேறு. டேங்க், மீட்டர், இரண்டு கைகள், அவற்றுக்கு நடுவே கொஞ்சம் சாலை. உடம்பு அதிகம் திரும்பாது என்பதால் படமும் திரும்பாது. ஆனால், மைக் ஹெல்மெட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் ஒயரை மட்டும் கழுத்து வழியாக இறக்கி விட்டேன். விளைவு வேடிக்கை: “அங்க பாரு, மலை அணில்!” என்று நான் கத்துவது கேட்கிறது, படம் அசையாமல் பெட்ரோல் முள்ளையே காட்டிக்கொண்டிருக்கிறது.

வாழச்சால் – சாலக்குடி

சுமார் 50 கி.மீ. காடு. வழியில் நிறுத்தக் கூடாது. மூங்கிலும் ஈரமும், சாலைக்கு நடுவே ஆவி பறக்கும் யானைச் சாணமும். இந்த வழியில்தான் 2022 நவம்பரில் ‘கபாலி’ என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்த ஒற்றை யானை எதிரே நடந்து வர, தனியார் பேருந்து ஒன்றை ஓட்டுநர் 8 கி.மீ. தூரம் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார். பேருந்துக்குள்ளிருந்து எடுத்த படத்தை நாடே பார்த்தது. வளைவு வளைவாக 8 கி.மீ. ரிவர்ஸ்! அந்த ஓட்டுநரின் கண்ணாடியில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதைத்தான் நான் பார்த்திருப்பேன். எங்களுக்குக் கபாலி தரிசனம் இல்லை. எதிரே வந்த பேருந்துக்காரர்கள் ஒவ்வொருவரும் கையை அசைத்து வழி சுத்தம் என்று சொல்லிப் போனார்கள். அந்தக் கைகளை மார்புக் கேமரா நன்றாகவே பிடித்தது.

அதிரப்பள்ளி 80 அடி அருவி. ‘ராவண’னும் ‘பாகுபலி’யும் எல்லாக் கோணத்திலும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். நாங்கள் கேமராவை வண்டியிலேயே விட்டுவிட்டு நனைந்தோம்.

சாலக்குடியில் கப்பையும் மத்திக் குழம்பும். ஆழியாற்றில் ஏங்கிய நாக்கு கடல் மீனைக் கண்டதும் அடங்கியது. சாப்பிடும்போதே அந்த நான்கு பெண்களின் பின்கேமராத் துணுக்கை வெட்டி, வால்பாறைப் பேரனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். கை கழுவி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘கைய ஆட்டுறது எங்க அத்தை. உங்களப் பாத்து ஆட்டலயாம். அவ்வளவு வேகமா போகாதீங்கன்னு சொன்னாங்களாம்.’